விரால் வயித்துல சிவப்புப் புழு: மீனைத் தூக்கிப் போடணுமா?

கேள்வி: எங்க குளத்துல பிடிச்ச விராலை வெட்டினா, வயித்துக்குள்ள ரத்தச் சிவப்புல நூல் மாதிரி புழு சுருண்டு கெடக்குது, வெளிய எடுத்தும் நெளியுது. குளத்துக்கு தினமும் கொக்கு, நீர்க்காகம் எல்லாம் வருது. மீனை சாப்பிடலாமா? மருந்து ஏதாவது போடணுமா?

பதில்: நீங்க சொல்ற அடையாளத்தை வச்சுப் பாத்தா அது அனேகமா யூஸ்ட்ராங்கிலிடிஸ்ங்கிற உருளைப்புழுவோட லார்வா. அந்தச் சிவப்பு மீனோட ரத்தம் இல்ல, புழு உடம்புலயே ஹீமோகுளோபின் இருக்கு. முதல் தடவை நான் இத வெட்டிப் பாத்தப்ப நரம்பு ஏதோ அறுந்து கெடக்குன்னுதான் நெனச்சேன், இடுக்கியால தொட்டதும் சோம்பல் முறிச்ச மாதிரி மெல்ல அவுந்து நீண்டுச்சு பாருங்க, அப்புறம் ரெண்டு நாளைக்கு மீன் பக்கமே போகல. இதுவே வெள்ளையா, ரெண்டு மூணு சென்டிமீட்டர்ல குடலைச் சுத்தி ஒட்டிட்டு இருந்தா அது கான்ட்ராசீக்கம்ங்கிற இன்னொரு உருளைப்புழுவோட லார்வாவா இருக்கலாம், அதுவும் நீர்க்காகம், கூழைக்கடா வழியா வர்றதுதான்.

இப்ப இது எப்படி உள்ள வந்துச்சுன்னா, பெரிய புழு குடியிருக்கிறது கொக்கு, நாரையோட இரைப்பையில. அந்தச் சுவர்லயே சுரங்கம் மாதிரி குடைஞ்சு உள்ள கெடக்கும், முட்டை மட்டும் எச்சத்தோட தண்ணில விழும். அந்த முட்டைய சேத்துல இருக்கிற டியூபிஃபெக்ஸ் மாதிரி புழுக்கள் தின்னும், அத சின்ன மீன் தின்னும், சின்ன மீனை உங்க விரால் முழுங்கும். விராலுக்குள்ள போன லார்வா வளந்து பெருசாகாது, கொக்கு வந்து கொத்துற வரைக்கும் அப்படியே சுருண்டு காத்திருக்கும். அதான் பெரிய மீன்ல நெறைய இருக்கும், வருஷக்கணக்கா சேத்து வச்ச கணக்கு அது. கான்ட்ராசீக்கத்துக்கு சேத்துப்புழு வேண்டாம், காப்பிபாட்னு கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாம நீந்துற பொடிப்பூச்சி வழியா மீனுக்குள்ள போயிடும்.

சரி, பறவைதான் வில்லனான்னு கேட்டா அதுக்கும் இது சொகமான விஷயம் இல்ல. பெரிய கொக்கு எப்படியோ தாங்கிக்கும், ஆனா கூட்டுல இருக்கிற குஞ்சுக்கு தாய் ஊட்டுற மீன்ல இந்த லார்வா இருந்தா அது இரைப்பையையே துளைச்சுட்டு வெளிய வரும், வயித்துக்குள்ள சீழ் பிடிச்சு குஞ்சு செத்தே போயிடும். ஃப்ளோரிடால கொக்கு நாரை கூடுகள்ல இப்படி குஞ்சுகள் சாகுறதை ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க.

சாப்பிடுறதப் பத்தி. நல்லா வேக வச்சா சாப்பிடலாம், பயப்பட ஒண்ணுமில்ல. மீனோட நடுப்பகுதி, அதாவது எலும்பை ஒட்டின தடிச்ச சதை, 63 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாகணும், சதை பொலபொலன்னு பிரியுற பக்குவம் வந்தா போதும். வேகாம சாப்பிட்டாதான் வினை. 1982ல அமெரிக்காவுல மேரிலாண்ட்ல தூண்டிலுக்கு வச்சிருந்த சின்ன மீனை உயிரோட முழுங்கின ஆளுங்களுக்கு குடல்ல ஓட்டையே விழுந்துடுச்சு, ஆபரேஷன் பண்ணி உள்ள இருந்து இந்தச் சிவப்புப் புழுவைத்தான் எடுத்தாங்க (உயிரோட மீனை ஏன் முழுங்கினாங்கன்னு என்னைக் கேக்காதீங்க). எலுமிச்சை, வினிகர், உப்புல ஊற வச்சா செத்துடும்னு நம்பாதீங்க. பச்சையா சாப்பிடப் போற மீன்னா மைனஸ் 20 டிகிரில 7 நாள் உறைய வைக்கணும், வீட்டு ஃப்ரிட்ஜ்ல மேல இருக்கிற ஃப்ரீசர் பல நேரம் அந்தக் குளிருக்கு இறங்காது, அதனால வளத்த மீனோ குளத்து மீனோ பச்சையா வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

மீன் பிடிச்ச உடனே வயித்தைக் கீறி குடலை எடுத்துடுங்க. மீன் செத்துக் கொஞ்ச நேரம் ஆச்சுன்னா சில வகை புழு வயித்துல இருந்து சதைக்குள்ள நகரும், கடல் மீன்ல இருக்கிற அனிசாகிஸ் இதுக்கு பேர்போனது. சதைல கண்ணுல பட்டதக் கத்தி முனையால எடுத்துப் போடுங்க. ரொம்ப நெறைய இருந்தா, மனசு ஒப்பலன்னா, தாராளமா தூக்கிப் போடலாம்.

ஆனா எங்க போடுறோம்கிறதுதான் முக்கியம், நெறையபேர் தப்பு பண்றது இங்கதான். குடலை திரும்ப குளத்துலயே வீசிடறாங்க, இல்ல வாத்துக்கும் பூனைக்கும் பச்சையா போட்டுடறாங்க. உயிரோட இருக்கிற லார்வாவை இன்னொரு மீன் வந்து முழுங்கும், இல்லாட்டி கரையில கெடக்குறத கொக்கே கொத்திட்டுப் போகும், வட்டம் மறுபடி ஆரம்பிச்சுடும். குழி தோண்டிப் புதைங்க, இல்ல கொதிக்க வச்சுப் போடுங்க.

மருந்து விஷயத்துல காசு செலவு பண்ணாதீங்க. அந்தப் புழு உறைக்குள்ள உக்காந்திருக்கு, மருந்து போட்டு கொன்னே போட்டாலும் செத்த புழு மீனுக்குள்ளதானே கெடக்கும், கூடவே மருந்தும் சதைல தங்கும். அதுக்கு பதிலா சேத்தைப் பாருங்க. சாணம், சமையல் கழிவுன்னு நெறைய கொட்டின குளத்துல டியூபிஃபெக்ஸ் மண்டிக்கிடக்கும், கைல சேத்தை அள்ளினா சிவப்பு மயிர்க் கத்தை மாதிரி ஆடும். அடுத்த தடவை மீன் பிடிச்சு முடிச்சதும் தண்ணிய வடிச்சு, தரை வெடிக்கிற அளவு காய விட்டு, சுண்ணாம்பு போட்டுட்டு அப்புறம் தண்ணி விடுங்க. மீன்குஞ்சு வளக்கிற சின்னத் தொட்டிக்கு மட்டும் மேல வலை கட்டுனா போதும், பெரிய குளத்துல பறவைய விரட்டுறதுக்கு ஆள் போட்டு நீங்கதான் களைச்சுப் போவீங்க, அது பக்கத்து மரத்துல உக்காந்து வேடிக்கை பாக்கும்.