ரவா லட்டே கால்பந்து, எள்ளே கேரம் காயின்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே மேட்ச் பார்க்கும் நாளுக்கு என்ன இனிப்பு செய்வது என்பதைச் சுற்றியே இருக்கின்றன. உலகக்கோப்பை நேரம், அப்படித்தான் இருக்கும். சில கேள்விகளுக்கு நீளமாகவே எழுதிவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் மகன் ஃபுட்பால் ஆடுகிறான். உலகக்கோப்பை ஃபைனலை அவன் டீம் பசங்க பதினைந்து பேரும் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். பந்து மாதிரியே இனிப்பு செய்து தர ஆசை. வீடியோவில் பார்த்ததெல்லாம் கேக்கும் சாக்லேட்டுமாக இருக்கிறது. எங்களிடம் ஓவன் கிடையாது, அடுப்பும் கடாயும்தான். (வாசகி, வியாசர்பாடி)

பதில்: அடுப்பும் கடாயும் போதும். குட்டி பிரேசில் என்று பெயர் எடுத்த ஊரில் இருக்கிறீர்கள், உங்கள் மாடியில் பந்து உருளாமல் வேறெங்கே உருளும்! ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் இதுதான் அடிப்படை. ஒரு உருவத்தை நினைத்துக்கொண்டு அதற்குள் இனிப்பைத் திணிக்காதீர்கள். நம் பலகாரங்களில் எது ஏற்கெனவே அந்த உருவத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். உருண்டை பிடிப்பது நமக்குக் கைவந்த வேலை, அதனால் ரவா லட்டிலிருந்தே தொடங்கலாம்.

மூன்று கப் ரவை, பொடித்த சர்க்கரை இரண்டேகால் கப், நெய் முக்கால் கப் எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவில் பிடித்தால் முப்பதுக்குக் குறையாது, ஆளுக்கு இரண்டு. ரவையைச் சிறு தீயில் வறுக்க வேண்டும். வாசனை வந்ததும் நிறம் மாறுவதற்கு முன்னால் இறக்கிவிடுங்கள், ஏனென்றால் பந்து வெள்ளையாக இருக்க வேண்டும், பொன்னிறமாக வறுத்தால் லட்டு ருசிக்கும் ஆனால் பந்து பழசாகத் தெரியும். ஆறியதும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, சூடான நெய்யை ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டில் பிடியுங்கள். முந்திரியை உள்ளே கலந்துவிடுங்கள், மேலே வைக்க வேண்டாம். பால் தெளித்துப் பிடித்தால் சீக்கிரம் கெட்டுவிடும், நெய் மட்டும் என்றால் ஒரு வாரம் தாங்கும்.

இப்போது கறுப்புக் கட்டங்கள். சாக்லேட் வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் மாடிக்கு எடுத்துப்போவதற்குள் இளகி விரலெல்லாம் ஒட்டும். கொட்டை எடுத்த பேரீச்சை 200 கிராம், வறுத்துப் பொடித்த கறுப்பு எள் நான்கு மேசைக்கரண்டி, இரண்டையும் சேர்த்து நன்றாகப் பிசைந்தால் கரேலென்று ஒரு மாவு வரும். பால் கவரைக் கழுவித் துடைத்து, வெட்டி விரித்து, எண்ணெய் தடவி, இரண்டு கவருக்கு நடுவில் வைத்து மெல்லிசாகத் தேயுங்கள். சுண்டுவிரல் நக அளவில் ஐந்து மூலைத் துண்டுகளாக வெட்டி, ஒரு சொட்டு தேன் தொட்டு ஒட்டுங்கள்.

எத்தனை துண்டு என்று கேட்பீர்கள். உண்மையான கறுப்பு வெள்ளைப் பந்தில் ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20, ஆக மொத்தம் 32. லட்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை. உச்சியில் ஒன்று, அதைச் சுற்றிக் கொஞ்சம் கீழே இறக்கி ஐந்து, மொத்தம் ஆறு போதும், தட்டில் வைத்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த ஆறுதான். சுற்றி ஒட்டும் ஐந்தின் ஒரு மூலை உச்சித் துண்டின் ஒரு மூலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும், இதைச் சரியாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் மூலைக்கு மூலை பல் குத்தும் குச்சியால் கோடு இழுத்தால் அறுகோணங்கள் தானாக வந்துவிடும். உங்கள் மகனுக்கு இதையும் சொல்லுங்கள்: இந்தக் கறுப்பு வெள்ளைப் பந்து உலகக்கோப்பைக்கு வந்தது 1970இல், மெக்சிகோவில். அப்போது நிறைய வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவிதான், அதில் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் இந்த வடிவம். இந்த 2026 உலகக்கோப்பையிலும் அமெரிக்கா, கனடாவோடு மெக்சிகோவும் சேர்ந்துதான் போட்டியை நடத்துகிறது.

ஃபைனல் ஜூலை 19 ஞாயிறு இரவு, நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30க்கு. அதனால் இனிப்பை அந்த நேரத்தில் மொத்தமாக நீட்டாதீர்கள். பத்து மணிக்குச் சாப்பாடு, பாதி ஆட்டம் முடிந்ததும் லட்டு. கூடவே ஒரு குண்டான் நிறைய காரச் சுண்டல் வையுங்கள், பசங்க இனிப்பை விட அதைத்தான் இரண்டாவது முறை கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் தெரு கேரம் கிளப்பில் டோர்னமென்ட். பரிசளிப்பு அன்றைக்கு கேரம் போர்டு மாதிரியே ஸ்வீட் தட்டு வைக்கலாமா? (வாசகர், புது வண்ணாரப்பேட்டை)

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா உங்கள் வட்டாரத்துப் பெண். கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் கேக் செய்து விற்கிறார்கள், கேரமுக்கு யார் செய்கிறார்கள்? நாம்தான் செய்ய வேண்டும்.

வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, ரெட் ஒன்று, ஆக 19 காயின். வெள்ளைக்குத் தேங்காய் பர்ஃபி. ஓடு ஒட்டிய பழுப்புப் பகுதி வராமல் துருவ வேண்டும், அதில் சோம்பல்பட்டால் காயின் அழுக்காகத் தெரியும். இரண்டு கப் துருவலுக்கு ஒன்றரை கப் சர்க்கரை, ஓரம் நுரைத்து, கடாயில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது நெய் தடவிய தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டிச் சமப்படுத்துங்கள். நிஜக் காயின் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலம். அந்த அளவில் ஒரு குட்டி எவர்சில்வர் மூடியை எடுத்து, பர்ஃபி வெதுவெதுப்பாக இருக்கும்போதே அழுத்தி வெட்டுங்கள். ஆறிவிட்டால் உடையும். கறுப்புக்கு எள்: ஒரு கப் கறுப்பு எள்ளைப் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, முக்கால் கப் வெல்லத்தோடு அரைத்தால் எண்ணெய் விட்டுத் தானாகச் சேரும், அதே மூடிக்குள் அழுத்தித் தட்டி எடுக்கலாம். ரெட்டுக்கு, தேங்காய் பர்ஃபி கிளறும்போதே ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து, பீட்ரூட் சாறு இரண்டு கரண்டி விட்டுச் சுருட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கருக்கு ஒரு நெய் பிஸ்கட், முடிந்தது. நடுவில் ரெட்டை வைத்துச் சுற்றிலும் ஆட்டத்தில் அடுக்குவது போலவே அடுக்குங்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆடுகிறவர்கள், ஒரு காயின் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ரெட்டை ஜெயித்தவர் எடுக்கட்டும், ரெட்டுக்கு அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவாக ஒரு வெள்ளையும் சேர்த்து.

தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள். நிஜ போர்டின் மேல் பலகாரத்தை வைக்கவே கூடாது. போர்டில் போடுவது போரிக் பவுடர், வயிற்றுக்குள் போனால் அது விஷம். பெரிய தாம்பாளத்தில் வாழையிலை விரித்து வையுங்கள். ஆடிவிட்டு வருகிற ஒவ்வொருவரும், முக்கியமாகச் சின்னப் பசங்க, சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் தட்டில் கை வைக்க வேண்டும். பவுடர் டப்பா அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: ஜெர்சி கலரில் பர்ஃபி செய்ய வேண்டும். கடைக் கலர் போடலாமா? அர்ஜென்டினாவுக்கு நீலம் வேண்டும்! (வாசகி, ராயபுரம்)

பதில்: அனுமதிக்கப்பட்ட கலருக்கே இனிப்பில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் வரம்பு. வீட்டில் அதை யார் அளந்து போடுகிறோம்? கண்ணுக்குப் பளிச்சென்று வரும்வரை போட்டுக்கொண்டே இருப்போம். பொட்டலத்தில் பெயர் இல்லாமல் கட்டித் தரும் கலர்ப்பொடியை வாங்கவே வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும், அதில் ரோடமின் பி என்கிற துணிச் சாயம் கலந்திருந்ததுதான் காரணம்.

உங்கள் நீலம் வேலியிலேயே பூக்கிறது. பத்து சங்குப்பூவைக் காம்பு நீக்கிக் கால் டம்ளர் கொதிநீரில் போட்டுப் பிழிந்தால் அசல் நீலம். கொஞ்சமாக விட்டால் ஆகாய நீலம், அர்ஜென்டினாவே வந்துவிடும். ஆனால் எலுமிச்சை ஒரு துளி பட்டாலும் ஊதாவாக மாறிவிடும், அதனால் அன்றைக்கு எலுமிச்சை பிழிந்த கரண்டியால் கிளறாதீர்கள். மஞ்சளுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், மைதானப் பச்சைக்குப் பாலக்கீரைச் சாறு, ஏலக்காய் போட்டால் கீரை வாசம் தெரியாது. எந்தச் சாறையும் கடைசியில் விடுங்கள், அதிக நேரம் அடுப்பில் நின்றால் நிறம் மங்கும்.

கேள்வி: கேக்கின் மேல் ஃபாண்டன்ட் (போர்வை மாதிரித் தேய்த்துப் போடும் சர்க்கரை மாவு) போட்டு ஸ்டேடியம் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்த அரை மணியில் வியர்த்து ஒழுகிவிட்டது. எங்கே தப்பு? (வாசகி, பெரம்பூர்)

பதில்: உங்கள் கையில் தப்பில்லை. ஃபாண்டன்ட் முழுக்கச் சர்க்கரை, சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். குளிர்ந்த கேக்கை நம் கடற்காற்றில் வைத்தால் மேலே நீர் படியத்தான் செய்யும். ஃபாண்டன்ட் போட்ட பிறகு ஃப்ரிட்ஜ் வேண்டாம், உள்ளே கெட்டுப்போகிற கிரீமும் வேண்டாம். நான் ஒரு பிறந்தநாளுக்குத் தேங்காய் பர்ஃபியைச் சூடு ஆறும் முன்பே டப்பாவில் போட்டு மூடி, சாயங்காலத்துக்குள் மொத்தமும் நசநசத்து ஒரு தட்டு கூடப் பரிமாற முடியாமல் போனது. அதிலிருந்து எந்த இனிப்பாக இருந்தாலும் துணி போட்டு முழுக்க ஆறவிட்ட பிறகுதான் மூடுகிறேன்.

கேள்வி: வீட்டில் அப்பாவுக்குச் சுகர். மேட்ச் அன்றைக்கு அவருக்கு மட்டும் வெல்லம் போட்டுச் செய்தால் பரவாயில்லையா? (வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: இல்லை தம்பி. வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், கருப்பட்டியும் பேரீச்சையும் அப்படித்தான். அவருக்குத் தனியாக ஒரு தட்டில் வறுத்த கடலையும் சுண்டலும் வையுங்கள், இனிப்பு தொடலாமா, எவ்வளவு என்று அவரைப் பார்க்கும் டாக்டரைக் கேளுங்கள். அவர் கண்ணெதிரே தட்டு தட்டாக நீட்டிக்கொண்டு போகாமல் இருந்தாலே பெரிய உதவி.

கேள்வி: எங்கள் பாக்ஸிங் பசங்களுக்குக் கிளவுஸ் மாதிரி இனிப்பு? (பயிற்சியாளர், காசிமேடு)

பதில்: கிளவுஸ் வேண்டாம் அண்ணா, எப்படிப் பிடித்தாலும் கொழுக்கட்டை மாதிரித்தான் வரும், அத்தனை உழைத்த பசங்களுக்கு அது நியாயமில்லை. பதக்கம் செய்யுங்கள். தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை இரண்டு கப், வெல்லம் ஒரு கப். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும், அதற்கு முன்னால் இறக்கினால் மறுநாளே பிசுபிசுக்கும். கடலையைக் கொட்டிக் கலந்து உடனே நெய் தடவிய வட்ட மூடிகளில் அழுத்துங்கள். பாகு கொதிக்கும் சூடு, பசங்க கையைப் பக்கத்தில் விடாதீர்கள். ஆறியதும் ஒவ்வொன்றையும் கண்ணாடித் தாளில் இறுக்கிச் சுற்றி, அந்தத் தாளின் நுனியிலேயே சிவப்பு ரிப்பனைக் கட்டிக் கழுத்தில் போடுங்கள், தோற்ற பையனுக்கும் சேர்த்து.