கணக்கு டவுட்: மூலைவிட்டத்தை விட பக்கம் பெருசா?

கேள்வி: சார், ஒரு செவ்வகத்தோட நீளம் அகலத்தை விட 7 மீட்டர் அதிகம், மூலைவிட்டம் 13 மீட்டர், நீளம் அகலம் கண்டுபிடிக்கணும். பித்தாகரஸ் போட்டுத்தான் செஞ்சேன், அகலம் ரூட் 60ன்னு வந்து நிக்குது. விடையில 5, 12ன்னு இருக்கு. எங்க தப்பு?
- பத்தாங்கிளாஸ் மாணவன், திண்டுக்கல்

பதில்: பித்தாகரஸ் வரைக்கும் கரெக்ட் தம்பி. அகலம் எக்ஸ், நீளம் எக்ஸ் பிளஸ் 7, ரெண்டோட ஸ்கொயரையும் கூட்டினா 169. அடுத்த வரியிலதான் சறுக்கியிருக்க. எக்ஸ் பிளஸ் 7 ஹோல் ஸ்கொயரை எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 49ன்னு போட்டிருப்ப, அப்பதான் ரூட் 60 வரும். நடுவுல 14 எக்ஸ் எங்கப்பா? ஃபார்முலா கேட்டா எல்லாரும் கடகடன்னு ஒப்பிக்கிறீங்க, கணக்குக்குள்ள வந்தா மட்டும் காணாம போயிடுது. நோட்ல ஒரு சதுரம் போடு, ஒவ்வொரு பக்கத்தையும் எக்ஸ் ஒரு துண்டு 7 ஒரு துண்டுன்னு பிரிச்சு குறுக்க நெடுக்க கோடு இழு, உள்ள நாலு கட்டம் விழும். எதிரெதிர் மூலையில எக்ஸ் ஸ்கொயரும் 49ம். மிச்ச ரெண்டு கட்டமும் ஆளுக்கு 7 எக்ஸ். அந்த ரெண்டைத்தான் நீ விட்டுட்ட.

அதையும் சேர்த்தா 2 எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 14 எக்ஸ் பிளஸ் 49 = 169. 169ஐ இந்தப் பக்கம் கொண்டு வந்து, எல்லாத்தையும் 2ஆல வகுத்துட்டா எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 7 எக்ஸ் மைனஸ் 60 = 0. பெருக்கினா மைனஸ் 60, கூட்டினா 7, அப்ப பிளஸ் 12ம் மைனஸ் 5ம். எக்ஸ் 5 இல்லன்னா மைனஸ் 12, அகலம் மைனஸ்ல இருக்காதுன்னு ஒரு வரி எழுதிட்டு 5ஐ எடுத்துக்கோ, நீளம் 12.

விடையைப் பாக்காமலே உன் தப்பைப் பிடிச்சிருக்கலாம் தெரியுமா? ரூட் 60ன்னா 7.7 சொச்சம், 7ஐக் கூட்டினா நீளம் 14.7. மூலைவிட்டமே 13 தான், அதை விட பெருசா ஒரு பக்கமா!

கேள்வி: 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 7 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து தொடுகோடு வரையணும். விடை 6.3, என் பொண்ணு 3.6ன்னு எழுதியிருக்கா. நம்பரைத் திருப்பிப் போட்டுட்டாளா?
- ஒரு அம்மா, காரைக்குடி

பதில்: இல்லீங்க, அது தற்செயலா அப்படி அமைஞ்சது. விட்டம் 6ன்னா காம்பஸ்ல 3 தான் எடுக்கணும், பாப்பா 6ஐயே எடுத்துட்டா. தொடுகோட்டு நீளத்துக்கு பித்தாகரஸ்தான்: 7 ஸ்கொயர் 49ல ஆரம் 3ஓட ஸ்கொயர் 9 போனா 40, அதோட ரூட் 6.3. 49ல 36 போனா 13, அதோட ரூட் 3.6. உதவிப்படத்துலயே ஆரம் 3ன்னு எழுதியிருந்தா இது நடந்திருக்காது, அதை நிறைய பேரு சும்மா கிறுக்கிட்டுப் போறாங்க. மத்தபடி அவ செஞ்ச முறை சரியாத்தான் இருக்கணும்: 7 செ.மீ. கோட்டுக்கு மையக்குத்துக்கோடு போட்டு, அந்த நடுப்புள்ளியில 3.5 ஆரத்துல இன்னொரு வட்டம், ரெண்டு வட்டமும் வெட்டுற இடம்தான் தொடுபுள்ளி, ஏன்னா அரைவட்டத்துல வர்ற கோணம் 90. பப்ளிக்ல இந்த வரைபடத்துக்கு 8 மார்க், விடாதீங்க. முறை தெரிஞ்ச பொண்ணு, திட்டாம இன்னொரு தடவை வரையச் சொல்லுங்க.