யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கத் தரகர் தேவையா? நேரடியாக வாங்கினால் அந்தக் காசு மிச்சம்தானே?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் இழந்த காசு ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறீர்கள், ஊரில் ஒரு சொந்தக்காரர் "தரகர் எதற்கு, நானே முடித்துத் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னியுங்கள். அப்படித்தான் என்றால் முதலில் குடியுரிமையைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர், சில விலக்குகள் தவிர, இங்கே காணி வாங்க முடியாது.

2017இல் நானும் உங்களைப் போலத்தான் கணக்குப் பார்த்தேன். மனைவிக்குச் சித்தப்பா முறையான ஒருவர் கொக்குவிலில் ஒரு வீடு காட்டினார். இரண்டரைப் பரப்புக் காணி, பழைய கல்வீடு, முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். (பரப்புக் கணக்கு மறந்திருந்தால்: 1 பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர்.) எனக்கு மாமரத்திலேயே மனம் போய்விட்டது. 3 இலட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். சொந்தத்துக்குள் என்பதால் ஒரு கொப்பித் தாளில் கையெழுத்து, அவ்வளவுதான்.

அடுத்த கிழமை தற்செயலாக எங்கள் தரகர் ஐயா வீட்டுப் பக்கம் வந்தார். என் தங்கச்சிக்குச் சம்பந்தம் கொண்டுவந்தவர். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் காணிக்கும் ஒரே ஆள்தான் தரகு பார்ப்பார், சாதகமும் காணி உறுதிப் பிரதியும் ஒரே பைக்குள் கிடக்கும். எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உது மூண்டு சகோதரத்தின்ர காணி தம்பி. தாயின்ர சீதனம், இன்னும் பிரிக்கேல்லை. மூத்தவள் கனடாவில. அவள் கையெழுத்து வைக்க மாட்டாள்."

அவ்வளவுதான். ஒரு தேத்தண்ணி முடிவதற்குள் தெரிந்துவிட்டது. பிரிக்காத காணியில் ஒரு பங்காளர் தன் பங்கைத்தான் விற்கலாம், முழுவதையும் அல்ல. அந்தப் பங்கையும் வெளி ஆளுக்கு விற்கமுன் மற்றப் பங்காளருக்கு அறிவிக்க வேண்டும். தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டத்தில், அவர்களுக்கு முன்கொள்வனவு உரிமை (மற்றவருக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை) உண்டு, அதற்கென்று 1947இல் தனிச் சட்டமே வந்தது. அறிவிக்காமல் விற்றால் பிறகு வழக்குப் போட்டு உங்களிடமிருந்தே வாங்கிக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. நான் சட்டத்தரணி இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அட்வான்சில் பாதி திரும்பி வந்தது. மீதியைக் கேட்டபோது "சொந்தத்துக்குள்ள காசு காசெண்டு நிக்கிறியள்" என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது. இப்போதும் நல்லூர்த் திருவிழாவில் என்னைக் கண்டால் அந்தச் சித்தப்பா கச்சான் கடைப் பக்கம் திரும்பிவிடுவார்.

"சரி, தரகருக்கு விளம்பரம்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். பொறுங்கள். அதே தரகர் ஐயாதான் பிறகு அரியாலையில் வீடு எடுத்துத் தந்தார். விலை 60 இலட்சம். அதற்கு முத்திரைத் தீர்வை, அதாவது உறுதி எழுதும்போது கட்டும் வரி, முதல் 1 இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. கூட்டினால் 2,39,000 ரூபாய், வாங்குபவர் தலையில். "உறுதியில பாதி விலையைப் போடுவம்" என்றார். நான் மறுத்தேன். யோக்கியன் என்பதால் அல்ல, வங்கிக் கடன் எடுக்க வேண்டியிருந்தது. விலையைக் குறைத்து எழுதினால் கடனும் குறைந்துவிடும். தரகுக் காசு எங்களிடம் நூற்றுக்கு 2 வாங்கினார். விற்றவரிடமும் வாங்கினார் என்பது குடிபுகுந்த பிறகுதான் தெரியவந்தது.

அதைக்கூட விடலாம், தண்ணீர்ப் பிரச்சினையைத்தான் விட முடியவில்லை. வீடு பார்க்க என்னை மார்கழியில் கூட்டிப்போனார். மாரி மழை பெய்து முடிந்த நேரம். கிணற்றில் அள்ளிக் குடித்தேன், இளநீர் மாதிரி இருந்தது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. வெயில் காலத்தில் அந்த நல்ல தண்ணீர் மெலிய, கடலுக்குக் கிட்டவான இடங்களில் அடியிலிருந்து உப்பு ஏறும். ஆவணி வந்தது, தேத்தண்ணியில் உப்புக் கரித்தது. போய்க் கேட்டேன். "நீர் கேக்கேல்லையே தம்பி" என்றார் அமைதியாக. கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் நான் கேட்கவில்லைதான். குசினியையும் கூரையையும் பார்த்தேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்பதற்கும் இப்போது வழியில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, இருந்தாலும் சொல்கிறேன். முன்பு வேலியில் ஒரு பொட்டு இருக்கும், அதுக்குள்ளால் புகுந்து போய் அடுத்த வீட்டில் உப்பும் வாங்கலாம், ஊர்ப் புதினமும் அறியலாம். இப்போது வெளிநாட்டுக் காசில் எட்டடி மதில், மேலே போத்தல் ஓடு, உள்ளே ஆளே இல்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் மதிலை வெளியே தள்ளிக் கட்டியதில், என் அப்பாவுக்கு இருதய வருத்தம் வந்த இரவு அம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். சரி, அதை விடுவோம்.

என்னைக் கேட்டால் தரகரை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காணி யாருடையது, எந்தக் குடும்பம் 1995 இடப்பெயர்வோடு போய்த் திரும்பவில்லை, எங்கே அண்ணன் தம்பி வழக்கு நடக்கிறது என்பது அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு விற்று முடிந்தால்தான் காசு. ஆகவே அவர் கூட்டிவரும் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். விற்பவர் வெளிநாட்டில் இருந்து அற்றோர்னித் தத்துவத்தில் (தனக்காகச் செய்ய இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில்) விற்றால் அது இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட கல்யாணமான பெண் என்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். உறுதியில் பாதைக்கும் கிணற்றுக்கும் பங்கு எழுதியிருக்கிறதா என்பதை ஒன்றுக்கு இரண்டு தரம் வாசியுங்கள்.

எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஊர்க் கிணறு ஆவணியில் எப்படி இருக்கும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.