கிளட்ச் பெடல் மேல வரமாட்டேங்குது

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் கார்ல கிளட்ச் மிதிச்சப்போ டங்குனு ஒரு சத்தம், அதுலேர்ந்து பெடல் பாதி தான் மேல வருது, கால் விரலால தூக்கி விட வேண்டியிருக்கு. ஸ்பிரிங் உடைஞ்சிருக்குமா, நானே மாத்தலாமா?

பதில்: பெடலை மேல இழுக்குற ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதோட கொக்கி வளையுற இடத்துல தான் பெரும்பாலும் போகும். தயவுசெஞ்சு இப்படியே ஓட்டாதீங்க, பெடல் முழுசா வரலைன்னா ரிலீஸ் பேரிங் (கிளட்ச்சை விடுவிக்க அதை அழுத்துற பேரிங்) தேயும், கிளட்ச்சும் முழுசா பிடிக்காம ஸ்லிப் ஆகும். முதல்ல டார்ச் அடிச்சு உடைஞ்ச துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுங்க, ஒண்ணு பிரேக் பெடலுக்கு அடியில மாட்டினா உயிருக்கே ஆபத்து.

நீங்களே மாத்தலாம். சீட்டை முழுசா பின்னாடி தள்ளிட்டு, பழைய கொக்கி எந்தப் பக்கம் பாத்து மாட்டியிருக்குனு போட்டோ எடுத்துக்கோங்க. புது இழு ஸ்பிரிங்கை (இழுத்தா நீளுற ரிட்டர்ன் ஸ்பிரிங்) வைஸ்ல, அதாவது இறுக்கிப் பிடிக்கிற கருவியில, பிடிச்சு இழுத்து, சுருள் இடைவெளியில வாஷர் வாஷரா சொருகினா அது நீண்டபடியே நிக்கும், சுலபமா மாட்டிட்டு பெடலை அமுக்கினா வாஷர் எல்லாம் கழண்டு விழும், எண்ணி எடுத்துடுங்க. பாதுகாப்புக் கண்ணாடி போடாம ஸ்பிரிங்கைத் தொடவே தொடாதீங்க, தெறிச்சா கண்ணு போயிரும்.

பெடல் அசையுற இடத்துல இருக்குற பிளாஸ்டிக் புஷ் (சின்ன வளையம்) தேஞ்சிருந்தா அதையும் மாத்துங்க. கிடைச்ச ஸ்பிரிங்கை மாட்டாதீங்க, உங்க மாடலோட பார்ட் நம்பர் பாத்தே வாங்குங்க. உங்க கார்ல இருக்குறது பெடலை மிதிக்க உதவி பண்ற அழுத்து ஸ்பிரிங்னா (அமுங்கின நிலையில இருக்குறது) மட்டும் மெக்கானிக்கிட்ட விட்ருங்க, அதுல விசை ரொம்ப அதிகம்.