டங்கர் குடும்பங்கள் அவ்வளவு தூரத்தில் எப்படிச் சம்பந்தம் செய்தன?

கேள்வி இதுதான்: ரயில் வராத காலத்திலேயே அமெரிக்கக் கிராமத்து பிரதரன் குடும்பங்கள் நூறு, இருநூறு மைல் தள்ளிப் பெண் எடுத்தும் கொடுத்தும் இருக்கின்றன. எப்படி முடிந்தது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மூரில் பிரதரன் சபை என்று சொல்வது வேறு. அது 1820களின் கடைசியில் டப்ளினில் முளைத்தது. கேள்வியில் இருப்பவர்கள் 1708ல் ஜெர்மனியின் ஷ்வார்ட்செனாவ் கிராமத்தில், ஏடர் ஆற்றில் எட்டுப் பேர் ஞானஸ்நானம் எடுத்துத் தொடங்கிய கூட்டம். ஆளை மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுப்பதால் ஊரார் வைத்த பெயர் டங்கர், அதாவது முக்குகிறவர். 1719ல் முதல் குழு பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனுக்கு வந்தது. பத்து வருடம் கழித்து, 1729ல், அவர்களின் தலைவர் அலெக்சாண்டர் மாக்கும் வந்து சேர்ந்தார்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், நான் ஓஹையோவில் டேட்டன் பக்கம் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த வழியில் வந்தவர். அவருடைய குடும்ப வேதாகமத்தில், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே, பிறப்பு, கல்யாணம், சாவு எழுத நாலு பக்கம் விட்டிருக்கிறார்கள். அதைக் கணினியில் ஏற்ற உதவினேன். அப்பன், மகன், சித்தப்பன் மகன் எல்லாருக்கும் ஒரே பெயர் என்பதால், ஒரு மாதம் தப்பான ஆளைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு வரி: மாப்பிள்ளை பிறந்தது மேரிலாந்தில், பெண் பிறந்தது வர்ஜீனியாவில், கல்யாணம் ஓஹையோவில். பையன் குதிரை ஏறிப் பெண் தேடிப் போயிருக்கிறான் என்று நானாகவே ஒரு கதை கட்டிவிட்டேன். அப்புறம் பழைய நிலப் பத்திரங்களைப் பார்த்தபோது அசடு வழிந்தது. இரண்டு பேரின் தாத்தாக்களும் மேரிலாந்தில் ஒரே ஓடைக்கரையில் அடுத்தடுத்த வயல்காரர்கள்.

என் அனுபவத்தில் பாதிக்கும் மேல் இப்படித்தான். பார்க்கத்தான் தூரத்துச் சம்பந்தம்; உள்ளே போனால் பழைய பக்கத்து வீட்டுச் சம்பந்தம். வீட்டுக்கு எட்டு, பத்துப் பிள்ளைகள். எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கப் பென்சில்வேனியாவில் நிலம் போதவில்லை, விலையும் ஏறிவிட்டது. அதனால் மலைகளுக்கு நடுவே தென்மேற்காக இறங்கும் பெரிய வண்டிப்பாதையைப் பிடித்து மேரிலாந்து, ஷெனண்டோவா பள்ளத்தாக்கு என்று போனார்கள். 1800களின் தொடக்கத்தில் ஓஹையோவின் மயாமி பள்ளத்தாக்கு, பிறகு இந்தியானா. தனியாக யாரும் கிளம்புவதில்லை. அண்ணன், மச்சான், பக்கத்து வயல்காரர் என்று கூட்டமாகத்தான் போனார்கள். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பாதி வழியில் நல்ல மண் கண்ட குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. உறவு மட்டும் வழி நெடுகக் கொடி மாதிரி நீண்டுவிட்டது.

சரி, உள்ளூரிலேயே ஏன் கட்டவில்லை? கட்டினார்கள், நிறையவே. ஆனால் சபை சின்னது. இரண்டு தலைமுறையில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாகிவிடுவார்கள். வெளியே போனால் மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் வீடுகள், ஆங்கிலம் பேசுகிறவர்கள். இவர்கள் வீட்டில் ஜெர்மன். சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், போருக்குப் போக மாட்டார்கள், உடுப்பும் வேறு. நிறையப் பேர் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானமே எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதாவது பெண் பார்க்கும் வயதில் பையன் சபை உறுப்பினனே இல்லை. அவனைப் பிடித்து வைத்தது சபைச் சட்டத்தைவிட வீடும் பழக்கமும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்த்துப் பழகுவதற்கு இடம் அன்பின் விருந்து, அதாவது கால் கழுவுதலும் சாப்பாடும் சேர்ந்த அவர்களுடைய திருவிருந்து ஆராதனை. அக்கம்பக்கத்துச் சபைகளிலிருந்தும் வண்டி கட்டி வருவார்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் காலை ஒருவர் கழுவி, முத்தமிட்டு, பிறகு இறைச்சிச் சாறில் ரொட்டி ஊறிய ஒரே கிண்ணத்தில் சேர்ந்து சாப்பாடு, கடைசியில் அப்பமும் திராட்சரசமும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஞானஸ்நானம் எடுக்காத இளசுகள் மேசையில் உட்கார முடியாது, வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இரவு திரும்ப முடியாதவர்கள் களஞ்சியத்திலும் உறவு வீடுகளிலும் படுத்துக்கொள்வார்கள். மேசையில் பெரியவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்க, வெளியே இளசுகள் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரியது பெந்தெகொஸ்தே சமயத்து வருடாந்தரக் கூட்டம். இடம் மாறி மாறி நடக்கும். பல மாநிலங்களிலிருந்து ஆள் வரும்.

அப்புறம் பிரசங்கிகள். சம்பளம் கிடையாது, சபை தேர்ந்தெடுத்த விவசாயிகள்தான். குதிரையில் போய் விசுவாசிகள் வீட்டில் தங்குவார்கள். வர்ஜீனியாவின் லின்வில் கிரீக்கைச் சேர்ந்த மூப்பர் ஜான் க்ளைன் வாழ்நாளில் ஒரு லட்சம் மைல் பயணம் செய்தவர் என்று சொல்வார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவிலும் தெற்கிலிருந்து வடக்குக்கு எல்லை தாண்டி 1864ல் இந்தியானாவில் நடந்த வருடாந்தரக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பினார். அந்த ஜூனில் வீட்டுக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இப்படி வீடு வீடாகத் தங்கிப் போகிறவருக்கு எந்த வீட்டில் பெண் இருக்கிறாள், எங்கே பையன் நிலம் வாங்கியிருக்கிறான் என்பது தெரியாமலா இருக்கும்? தரகர் என்று சொன்னால் அடிக்க வருவார்கள்; ஆனால் செய்தி போனது அந்தக் குதிரையில்தான்.

எதிலும் அடங்காத ஒரு கல்யாணம் எங்களைப் பல வாரம் படுத்தியது. பெண் பென்சில்வேனியா, மாப்பிள்ளை இந்தியானா. தாத்தாக்கள் அண்டை வீடும் இல்லை, பொதுச் சொந்தமும் இல்லை. கடைசியில் பெரியவரின் மனைவிதான் எட்டிப் பார்த்து, "பெண்ணுக்கு அக்கா இருக்கிறாளா பாருங்கள்" என்றார். இருந்தாள். இந்தியானாவில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய முதல் பிள்ளை பிறந்தது ஒரு மார்ச் மாதம். தங்கையின் கல்யாணம் அதே ஊரில், அடுத்த நவம்பரில்.