ஜாதகக் கட்டத்தைப் படிப்பது எப்படி? என் ஜாதகத்தில் கிழமையே தவறாக இருக்கிறதே?

காவேரிப்பட்டணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தை 5-ஆம் தேதி இரவு ஒரு மணிக்குப் பிறந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைக் காலண்டரில் பார்த்தால் புதன்கிழமை வருகிறது, ஜாதகத்திலோ செவ்வாய்க்கிழமை என்று இருக்கிறது. கட்டத்தில் 'ல' (லக்னம்) துலாத்திலும் 'சூ' (சூரியன்) மகரத்திலும் நிற்கின்றன. லக்னம், ராசி இரண்டில் எது உங்களுடையது, திசை என்றால் என்ன என்பது எதுவும் புரியவில்லை, ஜாதகமே தவறோ என்று ஐயப்படுகிறீர்கள்.

நான் ஜோதிடன் அல்லன். பாலக்கோடு பக்கத்தில் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். அண்ணன் மகளின் திருமணப் பேச்சில் வந்த ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய்த்தான் இதைக் கற்றுக்கொண்டேன். ஜாதகம் சொல்லும் பலன் நடக்குமா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் ஜாதகம் சரியாகக் கணிக்கப்பட்டிருக்கிறதா என்பது முழுக்க முழுக்கக் கணக்கு. அதில் பெரும்பகுதியை, பஞ்சாங்கம்கூட இல்லாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே சரிபார்க்க முடியும்.

முதலில் கட்டம். நம் பக்கத்து ஜாதகத்தில் ராசிகள் இடம் மாறுவதில்லை. மேல் வரிசையின் இடது மூலை மீனம். அதற்கு அடுத்தது மேஷம், பிறகு ரிஷபம், வலது மூலையில் மிதுனம். அங்கிருந்து கீழே இறங்கினால் கடகம், சிம்மம், வலது கீழ் மூலையில் கன்னி. கீழ் வரிசையில் வலமிருந்து இடமாகத் துலாம், விருச்சிகம், தனுசு. பிறகு இடப்பக்கம் மேலேறினால் மகரம், கும்பம். பெயர் எழுதாமலேயே கட்டம் போடுவார்கள் என்பதால் இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால்தான் மேற்கொண்டு எதையும் பார்க்க முடியும். சூரியனும் சந்திரனும் மற்றக் கிரகங்களும் வானில் செல்லும் பாதையாகிய 360 பாகையை, ஒன்றுக்கு 30 பாகை வீதம் பன்னிரண்டாகப் பிரித்துத் தாளில் விரித்ததுதான் இந்தக் கட்டம். அதில் உள்ள எழுத்துகள், நீங்கள் பிறந்த நொடியில் எது எங்கே நின்றது என்பதைக் குறிக்கின்றன. 'மா' என்று இருந்தால் மாந்தி. அது கிரகம் அன்று, கிழமையையும் பொழுதையும் வைத்துக் கணக்கிடப்படும் ஒரு புள்ளி.

இப்போது சூரியனைப் பாருங்கள். தமிழ் மாதம் என்பதே சூரியன் ஒரு ராசியில் இருக்கும் காலம். சித்திரையில் மேஷம், வைகாசியில் ரிஷபம் என்று எண்ணிக்கொண்டே போனால் தை மாதத்திற்கு மகரம் வரும். ஆகவே தை மாதத்தில் பிறந்த உங்களுக்குச் 'சூ' மகரத்தில்தான் இருக்க வேண்டும், இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளில் பழைய ஜாதகம் கிடைத்தால் மட்டும் இந்தச் சோதனையைச் சற்றுக் கவனமாகச் செய்ய வேண்டும். அவர்கள் மாதத்தைச் சந்திரனை வைத்து, அமாவாசையை ஒட்டி எண்ணுவதால் சூரியன் ஒரு கட்டம் முன்பின்னாக இருக்கலாம், அதைத் தவறு என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்தது லக்னம். பலருக்கும் குழப்பம் இதில்தான் தொடங்குகிறது. பிறந்த நேரத்தில் கீழ்வானத்தில், அதாவது கிழக்கு அடிவானத்தில், எந்த ராசி உதித்துக்கொண்டிருந்ததோ அது லக்னம். பூமி ஒரு நாளில் ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதால் பன்னிரண்டு ராசிகளும் இருபத்து நான்கு மணி நேரத்தில் உதித்து முடிந்துவிடுகின்றன. எனவே ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பழைய கணக்கில் ஐந்து நாழிகை, நிற்கும். சில ராசிகள் சற்று விரைவாகவும் சில சற்று மெதுவாகவும் உதிக்கும். சூரியன் உதிக்கும் வேளையில் உதிப்பது சூரியன் நிற்கும் ராசியேதான் என்பதால், விடியற்காலையில் பிறந்தவருக்கு 'ல'வும் 'சூ'வும் ஒரே கட்டத்தில் இருக்கும். உச்சிவேளையில் பிறந்தவருக்கு, லக்னத்தை ஒன்று என வைத்து ராசி வரிசையில் எண்ணினால், சூரியன் பத்தாம் இடத்திலும், பொழுது சாயும்போது பிறந்தவருக்கு ஏழிலும், நள்ளிரவில் பிறந்தவருக்கு நான்கிலும் இருக்கும். ராசியின் விளிம்பில் ஒரு கட்டம் தள்ளிப் போகலாம்; அதற்கு மேல் தள்ளினால் நேரத்தை யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு பிறப்பை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கண்ணன் பிறந்தது ஆவணி மாதம், தேய்பிறை அஷ்டமி, ரோகிணி நட்சத்திரம், நள்ளிரவு என்பது வழக்கு. ஆவணி என்றால் சூரியன் சிம்மத்தில். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான தூரம். 12 பாகைக்கு ஒரு திதி. அமாவாசையில் இரண்டும் ஒன்றாக நிற்கும், பௌர்ணமியில் நேர் எதிரே நிற்கும், தேய்பிறை அஷ்டமியில் சந்திரன் சூரியனுக்கு மூன்று கட்டம் பின்னால் இருக்கும். சிம்மத்திலிருந்து மூன்று கட்டம் பின்னால் வந்தால் ரிஷபம். ரோகிணி நட்சத்திரம் இருப்பதும் ரிஷபத்தில். நள்ளிரவு என்பதால் சூரியன் லக்னத்திற்கு நான்காம் இடமாக வேண்டும்; சிம்மம் நான்காம் இடமாக வருவது ரிஷப லக்னத்திற்குத்தான். மாதம், திதி, நட்சத்திரம், நேரம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பாருங்கள். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியன்று பூசணிக்காய் விளக்கேற்றச் செல்கிறவர்கள், நள்ளிரவில்தான் கிழக்கே சந்திரன் எழும்புவதைக் கவனித்திருப்பார்கள். அதுவும் இதே கணக்குதான்.

என் அண்ணன் மகள் விஷயத்திற்கு வருகிறேன். அவள் பிறந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் நோட்டில் கைப்பட எழுதிக்கொடுத்த ஜாதகம் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. வரன் பார்க்கத் தொடங்கியதும் தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நேரத்தைச் சொல்லிப் புதிதாக அச்செடுத்துக்கொண்டார்கள். அதில் துலா லக்னம், கன்னியில் செவ்வாய். லக்னத்திற்குப் பன்னிரண்டில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்று சொல்வது வழக்கம். 2, 4, 7, 8 ஆகிய இடங்களும் அப்படியே. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "சித்தப்பா, கணக்குதானே இது, நீங்கள் ஒருமுறை பாருங்களேன்" என்று அவள்தான் அந்தத் தாளை என் கையில் கொடுத்தாள்.

பார்த்த மாத்திரத்தில் ஒன்று உறுத்தியது: லக்னமும் துலாம், சூரியனும் துலாம். அப்படியானால் விடியற்காலைப் பிறப்பு. அண்ணியிடம் கேட்டேன். "விடியக்காலையா? விளக்கு வைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தம்பி, மாடெல்லாம் வீடு திரும்புற நேரம்" என்றார். மாலை 5.40. தாளின் மூலையில் 05:40 என்று அச்சாகியிருந்தது; 17:40 என்று இருந்திருக்க வேண்டும். ஐப்பசி மாத மாலையில் சூரியன் லக்னத்திற்கு ஏழில் வர வேண்டும் என்பதால் உண்மையான லக்னம் மேஷம். மேஷத்திலிருந்து எண்ணினால் கன்னி ஆறாம் இடம். ஆறில் செவ்வாய் நிற்பதை யாரும் தோஷம் என்று சொல்வதில்லை. ஓர் எண்ணைத் தட்டியதில் நேர்ந்த பிழை, ஒரு பெண்ணின் தலையில் ஓராண்டு தோஷமாக உட்கார்ந்திருந்தது.

நேரம் பன்னிரண்டு மணி தவறினாலும் அவளுடைய ராசியும் நட்சத்திரமும் மாறவில்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேச்சு வழக்கில் 'உங்கள் ராசி என்ன' என்று கேட்பதும், தொலைக்காட்சியில் ராசிபலன் சொல்வதும் சந்திரன் நிற்கும் ராசியைத்தான். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டே கால் நாள் எடுத்துக்கொள்கிறது. நட்சத்திரம் என்பது அதே பாதையை இருபத்தேழாகப் பிரித்தது. ஒன்றுக்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை), சந்திரன் அதைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள். ஒவ்வொரு நட்சத்திரத்திற்கும் நான்கு பாதம், ஆக 108 பாதம், ஒரு ராசிக்கு ஒன்பது பாதம். நான்கும் ஒன்பதும் சரியாகப் பொருந்தாததால் சில நட்சத்திரங்கள் இரண்டு ராசிகளில் விழும்: கார்த்திகை முதல் பாதம் மேஷம், மற்ற மூன்றும் ரிஷபம். ஆக உங்கள் கேள்விக்கு விடை: ராசி, லக்னம் இரண்டுமே உங்களுடையவைதான், ஒன்று சந்திரன் இருந்த இடம், மற்றொன்று கீழ்வானத்தில் உதித்துக்கொண்டிருந்த ராசி. வீடுகளை, அதாவது நான்காம் இடம், ஏழாம் இடம் என்பவற்றை, எண்ணுவது முதன்மையாக லக்னத்திலிருந்து. ஏழரைச் சனி போன்ற கோசாரம், அதாவது கிரகங்களின் இப்போதைய நகர்வு, பார்ப்பது ராசியிலிருந்து.

நட்சத்திரத்திலிருந்துதான் திசையும், அதாவது வாழ்நாளில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒதுக்கப்படும் காலமும், பிறக்கிறது. கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17 என மொத்தம் 120 ஆண்டுகள். அசுவினியில் கேதுவில் தொடங்கி இதே வரிசையில் நட்சத்திரங்களுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். 'கர்ப்பச்செல் நீக்கி இருப்பு' என்று ஜாதகத்தில் எழுதியிருப்பது, பிறக்கும்போது சந்திரன் அந்த நட்சத்திரத்தில் கடக்காமல் மீதியிருந்த பகுதிக்கு உரிய ஆண்டுகள். என் அண்ணன் மகளுக்குத் திருவோணம். பன்னிரண்டு மணி நேரத்தில் சந்திரன் ஏறத்தாழ அரை நட்சத்திரம் நகர்ந்துவிடுவதால், பத்து ஆண்டு சந்திர திசையில் ஐந்து ஆண்டுகள் முன்பின்னாகிவிட்டன. பழைய சூத்திரங்களின்படி அமைந்த வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்த ஜாதகத்திலும், இக்கால வானியல் கணக்கின்படி அமைந்த திருக்கணிதத்தில் கணித்த ஜாதகத்திலும் திசை இருப்பு வேறுபடுவதும் இதனால்தான்: சந்திரனின் இடம் ஒரு பாகை மாறினாலே, பரணி போன்ற சுக்கிரனின் நட்சத்திரத்தில் ஒன்றரை ஆண்டு நகர்ந்துவிடும். ஆகவே ஜாதகம் எந்தப் பஞ்சாங்கப்படி எழுதப்பட்டது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து பார்ப்பதுதான் கூடாது.

மற்றக் கிரகங்களைச் சரிபார்ப்பது எளிது. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது என்பதால் அதே கட்டத்திலோ பக்கத்துக் கட்டத்திலோதான் இருக்கும். சுக்கிரன் அதிகம் போனால் இரண்டு கட்டம். ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிரெதிரே. குரு ஒரு ராசியில் சுமார் ஓர் ஆண்டும் சனி சுமார் இரண்டரை ஆண்டும் தங்குவதால், உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்களின் ஜாதகத்தில் சனி பெரும்பாலும் உங்கள் கட்டத்திலேயே இருக்கும். இவற்றில் ஏதாவது பிசகியிருந்தால் எழுதியவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். எந்த வீடு எதைக் குறிக்கும், எந்தக் கிரகம் எங்கே உச்சம், யார் பார்வை எத்தனையாம் இடத்தில் விழும் என்பனவெல்லாம் எந்தத் தொடக்க நூலிலும் அட்டவணையாகவே கிடைக்கும். அவற்றை இங்கே எழுதி நிரப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஊரைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 78 பாகையைச் சற்றுத் தாண்டி இருப்பதால் நமக்கு உரிய உள்ளூர் நேரம் அதைவிடச் சுமார் 17 நிமிடம் பின்தங்கியது. ஓசூருக்குச் சுமார் 19 நிமிடம். சென்னைக்கோ 9 நிமிடம்தான். அச்செடுக்கும் இடத்தில் ஊரை மாற்றாமல் சென்னை என்றே விட்டுவிட்டால் லக்னம் இரண்டு பாகை அளவுக்கு நகரும். ராசிக் கட்டத்தில் இது பெரும்பாலும் தெரியாது. ஆனால் பக்கத்தில் அம்சம் என்று போட்டிருக்கும் நவாம்சக் கட்டம், ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாக, 3 பாகை 20 கலை வீதம், பிரித்தது. அதில் லக்னம் ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை மாறிவிடும். பிறந்த நேரத்தை வீட்டில் 'ஒரு மணி வாக்கில்' என்று சொன்னால், அம்சத்து லக்னத்தை வைத்து யார் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கிழமைக்கு வருவோம். பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. செவ்வாய்க்கிழமை விடிந்தால், நள்ளிரவு கடந்தாலும் புதன் விடியும்வரை அது செவ்வாய்க்கிழமைதான், தை 5-தான். சான்றிதழோ நள்ளிரவிலேயே தேதியை மாற்றிவிடுகிறது. என் அம்மாயியும் நான் பிறந்தது 'புதன்கிழமை ராத்திரி ரெண்டு மணி' என்றுதான் சொல்வார். என் சான்றிதழ்த் தேதிக்கு வியாழக்கிழமை. நள்ளிரவை ஒட்டிய பிறப்பு என்பதால் உங்களுக்குச் சூரியன் லக்னத்திற்கு நான்கில் இருக்க வேண்டும். துலாத்திலிருந்து எண்ணினால் மகரம் நான்காம் இடம். புதிதாக அச்செடுக்க நேர்ந்தால் மட்டும் சான்றிதழில் உள்ள புதன்கிழமைத் தேதியையும் 01:00 என்ற நேரத்தையும் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைத் தேதியைக் கொடுத்தால் ஒரு நாள் முன்னதாகப் பிறந்த வேறொருவரின் ஜாதகம் வந்துவிடும், அதிலும் லக்னம் துலாமாகவே இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம்.