ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்ட பாடம்

கேள்வி: நான் திருநெல்வேலியைச் சேர்ந்த மருத்துவன். வயது 36. நியூயார்க்கில் பொது மருத்துவத்தில் ரெசிடென்சி பயிற்சியில் இருக்கிறேன். வருகிற ஜூன் மாதத்தோடு அது முடிகிறது. பயிற்சிக்காக வருவோருக்கான ஜே-1 விசாவில் வந்தவன் என்பதால், இரண்டு ஆண்டு இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு (வெய்வர்) பெற, மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும். வயோமிங் மாநிலத்தில் ராலின்ஸ் என்ற சிற்றூரில் ஹாஸ்பிட்டலிஸ்ட் (மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்) வேலை கிடைத்திருக்கிறது. ஏழு நாள் பன்னிரண்டு மணி நேர வேலை, அடுத்த ஏழு நாள் விடுப்பு. சம்பளம் நன்றாக இருக்கிறது. ஆகஸ்டில் நான் மட்டும் போய்ப் பார்த்து வந்தேன். அக்டோபருக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று. இங்கே குவீன்ஸ் பகுதியில், ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயில், தமிழ்ப் பள்ளி, நம் ஊர் மளிகைக் கடை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே போனால் பிள்ளைகள் தமிழையும் பழக்கவழக்கங்களையும் மறந்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. மனைவி என் விசாவைச் சார்ந்த ஜே-2 விசாவில் ஒரு மழலையர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறாள். அந்த வேலையை விட வேண்டியிருக்கும், பரவாயில்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், சரிப்பட்டு வரவில்லை, விட்டுவிட்டோம். ஊரில் கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போனவள்தான், இங்கே பயப்படுகிறாள். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டு நீ மட்டும் போய் வா என்கிறார் என் தாயார். என்ன செய்யலாம் அம்மா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உள்ள சிற்றூர்களுக்கு வேலைக்காகக் குடிபெயரும் நம்மவர்களிடமிருந்து எனக்குப் பல ஆண்டுகளாகக் கடிதங்கள் வருகின்றன. புறப்படுவதற்கு முன் கணவர்கள் எழுதுவார்கள். போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் மனைவியர் எழுதுவார்கள். கணவர்களின் கடிதங்களில் கோயில், தமிழ், பள்ளிக்கூடம் ஆகியவை பற்றிய கவலை நிறைந்திருக்கும். மனைவியரின் கடிதங்களிலோ, பால் தீர்ந்துபோய் இரண்டு நாளாயிற்று என்றும், அவர் வேலை முடிந்து வரும்போது கடை மூடிவிடுகிறது என்றும், ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே பகல் போய்விடுகிறது என்றும் இருக்கும். ஆகவே நீங்கள் கேட்ட கேள்விகளைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன். போகிற போக்கில் 'நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை, ஏழு நாள் தொடர்ச்சியாக, நீங்கள் மருத்துவமனையில் இருப்பீர்கள். ஏழு மணிக்கு வேலை முடிகிறது என்பது காகிதத்தில் மட்டும்தான் என்பது மருத்துவரான உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஏழு நாளில் மகளைப் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவார்கள்? பகல் பதினொரு மணிக்கு மகனுக்குக் காய்ச்சல் ஏறினால் உங்கள் மனைவி யாரை அழைப்பார்? நீங்கள் வார்டில் ஒரு நோயாளியின் உயிருக்காகப் போராடிக்கொண்டிருக்கும் வேளையில் உங்கள் கைப்பேசி ஒலிக்கும். அதை நீங்கள் எடுக்க மாட்டீர்கள், எடுக்கவும் கூடாது. மாதத்தில் பாதி நாள் இப்படித்தான் போகும் என்று தெரிந்துகொண்டே 'நான் இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் போகப்போவது எந்த மாதிரியான நிலம் என்பதை ஆகஸ்டு வெயிலில் பார்த்து வந்ததால் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வயோமிங் பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்த மக்கள் ஆறு லட்சத்துக்கும் குறைவு. ராலின்ஸில் எட்டாயிரம் பேர் சொச்சம். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் அது. ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருந்தாலும் கொடைக்கானலின் மரமும் மழையும் அங்கே கிடையாது. 1868இல் யூனியன் பசிபிக் ரயில் பாதையை ஒட்டிப் பிறந்த ஊர் என்றாலும், அந்தப் பாதையில் இன்று சரக்கு ரயில்கள் மட்டுமே ஓடுகின்றன. பயணி ரயில் 1997ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஊரை ஒட்டிச் செல்லும் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை, குறிப்பாக ராலின்ஸுக்கும் லாரமிக்கும் இடையில் எல்க் மலையடிவாரத்தில், குளிர்காலக் காற்றிலும் பறக்கும் பனியிலும் எத்தனையோ முறை மூடப்படுகிறது. தண்டவாளத்து லெவல் கிராசிங்கில் இருப்பதுபோல நெடுஞ்சாலைக்கே கதவு போட்டிருக்கிறார்கள். அங்கே கார் ஓட்டத் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கால் இருந்தும் பயனில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த இடத்தில் உங்கள் குரல் உயர்ந்தது என்றும் எழுதவில்லை. உங்கள் மனைவி பயந்த சுபாவம் உள்ளவர் என்று உங்கள் கடிதத்தை வைத்து என்னால் நம்ப முடியவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துப் பக்கம், பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போன பெண் அவர். ஃபிளஷிங்கிலிருந்து 7ஆம் எண் ரயிலில், தள்ளுவண்டியையும் குழந்தையையும் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கும் கூட்டத்தில் அவரும் ஒருவராகத்தான் இருப்பார். பள்ளியில் வேலை பார்த்து, அன்னிய மொழியில் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் சமாளிக்கிறார். இப்படிப்பட்ட ஒருவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டதும் வந்த பயம் பக்கத்து இருக்கையிலிருந்து வந்திருக்க வேண்டும். கணவன் மனைவிக்குக் கார் கற்றுக்கொடுப்பது எந்த ஊரிலும் பெரும்பாலும் கண்ணீரில்தான் முடியும். எனக்கு வரும் கடிதங்களும் அதையே சொல்கின்றன.

கழுத்துப் பெருநாளத்தில் ஊசி செலுத்துவதை முதல் முறை செய்தபோது உங்கள் கை நடுங்கியிருக்கும். உங்களுக்குக் கற்றுக்கொடுத்த மூத்த மருத்துவர் ஒரே நாளில் 'சரிப்பட்டு வரவில்லை' என்று விட்டுவிட்டாரா? கை பழகும் வரை பக்கத்தில் நின்றிருப்பார். உங்கள் கல்விக்கு இத்தனை பேர் பொறுமை காட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்வி முடியும் வரை வாடகைக்கும் அரிசிக்கும் தம் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்த மனைவிக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதை நீங்கள் வெட்கத்தோடு யோசிக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

'வேலையை விட வேண்டியிருக்கும், பரவாயில்லை' என்ற வரியும் இதோடு சேர்ந்ததுதான். பரவாயில்லை என்று சொன்னது யார்? விசா விவரம் முழுவதும் அவருக்குத் தெரியுமா? இப்போது ஜே-2 விசாவில் அனுமதி பெற்று அவர் வேலை பார்க்கிறார். வெய்வர் கிடைத்து நீங்கள் எச்-1பி என்னும் வேலை விசாவுக்கு மாறும்போது அவர் உங்களைச் சார்ந்த எச்-4 விசாவுக்கு மாறிவிடுவார். எச்-4இல் இருப்பவர்கள் வேலை பார்க்க 2015 முதல் வழி இருக்கிறது என்றாலும், அதற்குப் பொதுவாக உங்கள் கிரீன் கார்டுக்காக (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) மருத்துவமனை போடும் ஐ-140 மனு முதலில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும்; அந்த மனுவை மருத்துவமனை எப்போது தொடங்கும் என்பதைப் பொறுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆக, சொந்தச் சம்பளமும், தன் காலில் எங்கும் போய்வரும் வசதியும், தெரிந்த முகங்களும் ஒரே மாதத்தில் அவரிடமிருந்து போகப்போகின்றன. மூன்றையும் ஒரே நேரத்தில் இழக்கும் எந்த மனிதரும் நொறுங்கிப்போவார். அதற்குப் பிறகு 'ஏன் எப்போதும் சிடுசிடுப்பாக இருக்கிறாய்' என்று கேட்கும் கணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தாயார் சொல்லும் யோசனைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் சொல்கிறார். ஆனால் உங்கள் மனைவி ஃபிளஷிங்கிலேயே இருந்தாலும் எச்-4 ஆனதும் அந்த வேலை போய்விடும் என்பது உங்கள் தாயாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குவீன்ஸ் வாடகை ஒரு பக்கம், ராலின்ஸ் வாடகை ஒரு பக்கம், நடுவில் விமானக் கட்டணம். ராலின்ஸிலிருந்து கொலராடோ மாநிலத்து டென்வர் விமான நிலையத்துக்குச் சாலை திறந்திருந்தாலே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும்; விடுப்பு நாள் ஏழில் இரண்டு பயணத்திலேயே கரைந்துவிடும். இவையெல்லாம் கணக்கு. கணக்கு சரியாக வந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் மகனுக்கு இப்போது மூன்று வயது. நீங்கள் அந்த ஊரை விட்டு வரும்போது ஏழு வயதை எட்டிவிடுவான். தகப்பன் என்பவர் வாரம் விட்டு வாரம் பெட்டியோடு வந்துபோகும் விருந்தாளி என்று அவன் மனத்தில் பதிந்தால், அதை எந்தச் சம்பளத்தாலும் அழிக்க முடியாது. குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களில் ஒருவர் மட்டும் வெளியே போக முடியாதவராக இருக்கக் கூடாது என்பதிலும் அதே உறுதி எனக்கு உண்டு.

பயிற்சி முடிய ஒன்பது மாதம் இருக்கிறது. கார் கற்றுக்கொள்ள அது தாராளம். இந்த மாதமே உங்கள் மனைவி எழுத்துத் தேர்வு எழுதி, பழகுநர் அனுமதியை வாங்கட்டும். ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேரட்டும். பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று அவர் விரும்பினால் கேட்டு வாங்குங்கள். நியூயார்க்கில் ஓட்டுநர் தேர்வுக்கு முன் ஐந்து மணி நேர வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும்; அந்த நேரத்தில் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது நீங்கள் காரில் ஏறாதீர்கள். முதல் தேர்வில் தேறாவிட்டால் மறுபடி எழுதட்டும். பலரும் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரி பனியிலும் அவர் ஓட்டிப் பழக வேண்டும், ஏனென்றால் அங்கே போய்ப் பனியில் கற்றுக்கொள்வது கடினம். நியூயார்க் உரிமம் கையில் இருந்தால் வயோமிங் உரிமமாக மாற்றிக்கொள்வது எளிது. அங்கே உங்களுக்கு இரண்டு கார் வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் காரும் நல்ல பனி டயரும் அவருக்கு. பழைய காரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனை ஊருக்குள்தானே இருக்கிறது.

பிள்ளைகளின் தமிழ் பற்றிக் கேட்டீர்கள். வீட்டில் தாயும் தகப்பனும் தமிழில் பேசினால் தமிழ் நிற்கும், ஃபிளஷிங்கில் இருந்தாலும் வீட்டில் ஆங்கிலம் புழங்கினால் போகும். அரிசி, பருப்பு, புளி எல்லாம் மாதம் ஒருமுறை டென்வர் பக்கம் போய் வாங்கி வரலாம். கோயிலும் அங்கே உண்டு. அம்மா மனநிறைவோடு இருக்கும் வீட்டில் விளக்கு ஏற்றுவதும் பண்டிகை கொண்டாடுவதும் தானாக நடக்கும், அதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கையெழுத்திடுவதற்கு முன், இந்தச் செப்டம்பரிலேயே அவரையும் பிள்ளைகளையும் ராலின்ஸுக்கு அழைத்துப் போங்கள். லீவு கிடைக்காவிட்டால் சம்பளம் இல்லா விடுப்பு எடுக்கட்டும். எப்படியும் விடப்போகிற வேலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பள்ளியையும் கடையையும் நூலகத்தையும் அவர் தம் கண்ணால் பார்க்கட்டும். ஐ-140 மனுவை எந்த மாதத்தில் தொடங்குவார்கள் என்பதை மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம்' என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்; மூன்று ஆண்டை முடிக்காமல் விலகினால் இரண்டு ஆண்டு இந்தியா விதி மறுபடி உங்கள் தலைமேல் வந்து நிற்கும், தகுந்த காரணம் காட்டி வேறு இடம் மாறுவதும் எளிதல்ல. உண்மையை உள்ளபடி சொல்லிவிட்டு அவர் பதிலைக் கேளுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் அவர் வேண்டாம் என்றால், வேறு இடம் தேடுங்கள். 1994இல் வந்த கான்ராட் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்போது ஆண்டுக்கு 30 மருத்துவர்களுக்கு வெய்வர் பரிந்துரைக்க இடம் உண்டு. பற்றாக்குறைப் பகுதிகள் சிற்றூர்களில் மட்டும் இல்லை, பெருநகரங்களின் ஏழைப் பேட்டைகளிலும் இருக்கின்றன. அங்கே போட்டி அதிகம், சம்பளமும் குறையலாம். அக்டோபருக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இன்றிரவே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.